மணியின் கயிறு யார் கையில்?

பினாங்குக்குப் போகிறோம் என்றால் உறவினர்கள் கேட்கும் கேள்விகள் மூன்றுதான். தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகிறீர்களா? நாசி கண்டார் எந்தக் கடையில்? படகில் போகிறீர்களா, பாலத்திலா? இந்த முறை பள்ளி விடுமுறையில் நாங்கள் போன இடம் இந்த மூன்றிலும் சேராது. இரண்டாவது பாலம் பெருநிலத்தைத் தொடும் பத்து காவானைத் தாண்டித் தெற்கே போனால் நிபோங் திபால். அங்கிருந்து மேற்கே, கடலை நோக்கிப் போனால் பைராம் தோட்டம்.

காரில் என் மகள், படிவம் நான்கு படிப்பவள், வரலாற்றுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டாள்.

“அப்பா, சில நாட்டுல மக்கள் ராஜாவத் தொரத்திட்டாங்க. சில நாட்டுல ராஜா இன்னமும் இருக்காரு. ஏன் அப்படி? பசி வந்தா தொரத்துவாங்களா?”

“இருக்கலாம்மா” என்று சொல்லி வைத்தேன். அந்தப் பதில் போதாது என்று எனக்கே தெரிந்தது. மீதிப் பதிலை அந்தப் பயணம்தான் சொல்லித் தந்தது.

முதலில் பெயரைப் பார்ப்போம். பைராம் தமிழ்ச் சொல் அன்று. மலாய்ச் சொல்லும் அன்று. இங்கிலாந்தின் யார்க்‌ஷர் மாவட்டத்தில் உள்ள ஓர் ஊரின் பெயர். ராம்ஸ்டன் என்ற பிரபுக் குடும்பத்தின் மாளிகை அங்கே இருந்தது. 1689இல் அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்த பரம்பரைப் பட்டத்திலேயே பைராம் என்ற ஊர்ப்பெயர் உண்டு. ஹட்டர்ஸ்ஃபீல்டு என்ற ஆலை நகரத்தின் நிலம் பெரும்பாலும் அவர்களுடையது. 1920இல்தான் அதை நகராட்சிக்கு விற்றார்கள். அதே குடும்பம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே, அன்று வெல்லஸ்லி மாகாணம் எனப்பட்ட செபராங் பிறையில், கரும்புத் தோட்டங்களை வைத்திருந்தது. பிறகு கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பர் போய் இப்போது செம்பனை. யார்க்‌ஷரில் அந்த மாளிகையின் பெரும்பகுதி இடிக்கப்பட்டுவிட்டது. பெயர் மட்டும் கடல் தாண்டி வந்து, நம் பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப்பள்ளியின் பெயர்ப்பலகையில் நிற்கிறது.

தோட்டம் என்றால் மரங்களும் லயங்களும் மட்டும் இல்லை. அது ஒரு குட்டி ராஜ்யம். பெரிய துரை ராஜா. சின்னத் துரை இளவரசர். கிராணிகள் மந்திரிகள். கங்காணி படைத்தலைவர். வீடு அவர்கள் கொடுத்தது. மருந்து அவர்கள் கொடுத்தது. கள்ளுக்கடையும் அவர்கள் கொடுத்ததுதான். கோயில் திருவிழாவில் முதல் மாலை துரைக்கு. வெளியாள் உள்ளே வரவேண்டுமானால் அனுமதி வேண்டும். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்தது. கங்காணி ஆள்கட்டி அழைத்து வருவது 1938வரை நடந்தது. முறை மாறினாலும் ராஜ்யம் மாறவில்லை.

நிபோங் திபாலில் ஓர் ஒட்டுக்கடையில் தேநீர் குடிக்க நின்றோம். பக்கத்து மேசையில் எண்பதைத் தாண்டிய பெரியவர் ஒருவர். பைராம் லயத்தில் பிறந்தவர் என்று பேச்சில் தெரிந்தது. தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி வரலாறு கேட்கிறாள் என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“காலையில நாலரைக்கு மணி அடிப்பாங்க பாப்பா. பெரட்டு மணி. அடிச்சா எல்லாரும் பெரட்டுக்களத்துல வரிசையா நிக்கணும். எங்கப்பா சொல்லுவாரு, ஒரு நாள் காய்ச்சலோட படுத்திருந்தப்பகூட அந்த மணிச் சத்தத்துக்கு ஒடம்பு தானா எந்திரிச்சிருச்சாம்.”

“நீங்க போய் அந்த மணிய அடிக்க முடியுமா தாத்தா? ஏதாச்சும் பிரச்சினைன்னா?” என்றாள் மகள்.

பெரியவர் சிரித்தார். “நாம அடிக்கிறதா? கயிறு கிராணி கையிலல்ல இருக்கும்!”

பிறகு அவராகவே சைக்கிள் கதைக்கு வந்தார். “அப்பா அரும்பாடுபட்டு ஒரு சைக்கிள் வாங்கினாரு. தொர காடி எதிர்ல வந்தா எறங்கி, ஓரமா நின்னு, காடி போனப்புறந்தான் ஏறணும். கிராணி நடந்து வந்தாலும் எறங்கணும். சம்பளம் கொறச்சலா இருந்ததக்கூட அப்பா அவ்வளவா சொல்ல மாட்டாரு. சைக்கிள்லேர்ந்து எறங்குனதத்தான் சாகுறவரைக்கும் சொன்னாரு.”

அவர் தந்தையின் மனத்தில் நின்ற அந்தக் குறை ஒரு தனி மனிதருடையது அன்று. 1941இல் சிலாங்கூரில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, ஆர்.எச். நாதன் தலைமையிலான இந்தியர் சங்கம் வைத்த கோரிக்கைகளில் ஒன்று அதுவே: வெள்ளைக்காரர் முன்னிலையிலும் கிராணிமார் முன்னிலையிலும் தொழிலாளர்கள் சைக்கிளில் ஏறிச் செல்ல அனுமதி வேண்டும். மற்றவற்றையும் பாருங்கள். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி. பிள்ளைகளுக்குப் படிப்பு. ஒழுங்கான மருத்துவம். நம் பெண்களிடம் அத்துமீறல் கூடாது. கள்ளுக்கடைகளை மூட வேண்டும். கொடுமை செய்யும் கிராணிகளை மாற்றித் தமிழ் பேசும் ஆட்களைப் போட வேண்டும். உறவினர்கள் தடையின்றி வந்து பார்க்க வேண்டும். பேசவும் கூடவும் உரிமை வேண்டும். பட்டியலில் பாதி காசு கேட்கவில்லை. மனிதராக நடத்தச் சொல்லிக் கேட்கிறது.

இது நடந்த காலத்தைக் கவனிக்க வேண்டும். 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. ரப்பர் விலை விழுந்தது. கூலி கடுமையாக வெட்டப்பட்டது. பல்லாயிரம் தமிழர்கள் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பசி என்றால் அதுதான் பசி. அப்போது கிள்ளானில் இப்படி ஓர் எழுச்சி இல்லை. 1941இலோ ஐரோப்பாவில் போர். ரப்பருக்கு நல்ல கிராக்கி. தோட்டங்களுக்கு நல்ல காலம். எழுச்சி அப்போதுதான் வந்தது. ரப்பர் விலை ஏறுவதைத் தொழிலாளி பார்த்தான். பக்கத்தில் சீனத் தொழிலாளி அதிகக் கூலி வாங்குவதைப் பார்த்தான். இந்தியாவில் காந்தியும் நேருவும் பேசுவதைத் தமிழ்ப் பத்திரிகையில் யாரோ வாசிக்கக் கேட்டான். வேறு மாதிரியும் வாழ முடியும் என்று தெரிந்தது. பசி மனிதனைக் குனிய வைக்கும். ‘இது நியாயமில்லை’ என்ற எண்ணம்தான் நிமிர வைக்கும்.

நிமிர்ந்தவன் முதலில் என்ன செய்தான்? மனுதான் கொடுத்தான். துரை தாய் தகப்பன், தெரிந்தால் கேட்பார் என்ற நம்பிக்கை மிச்சம் இருந்தது. 1941 மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரி வேலைநிறுத்தம் பரவியது. சிலாங்கூரில் அவசரகாலம் அறிவித்தார்கள். துருப்புகள் வந்தன, அவற்றில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர்கள் போயின. நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். மனு அப்படியே கிடந்தது.

“ரஷ்யாவுலயும் இதேதான்பா!” என்றாள் மகள். புத்தகத்தில் வாசித்திருக்கிறாள். உண்மைதான். 1905 ஜனவரி 22ஆம் தேதி, அவர்களுடைய பழைய நாட்காட்டிப்படி 9ஆம் தேதி, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் தொழிலாளர்கள் காப்போன் என்ற பாதிரியாரின் தலைமையில் ஜார் மன்னரின் அரண்மனைக்கு ஊர்வலமாகப் போனார்கள். கையில் சாமி படங்கள், மன்னரின் படமும்கூட. எட்டு மணி நேர வேலை, நியாயமான கூலி, கூடிப் பேசும் உரிமை என்று எழுதிய மனு. அவர்கள் மன்னரை எதிர்த்துப் போகவில்லை. மன்னரை நம்பித்தான் போனார்கள். அவர்களும் ஜாரைத் தகப்பன் என்றே அழைத்து வந்தவர்கள். பதிலாக வந்தவை குண்டுகள். அன்றைக்கே ஜார் வீழ்ந்துவிடவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. 1917இல் ரொட்டிக்காக மக்கள் தெருவுக்கு வந்தபோது, சுடச் சொன்ன சிப்பாய்கள் சுட மறுத்து மக்களோடு சேர்ந்தார்கள். முந்நூறு ஆண்டு அரச வம்சம் சில நாட்களில் முடிந்தது. கிள்ளானில் துப்பாக்கிகள் துரையின் சொல்லைக் கேட்டன, பெட்ரோகிராட்டில் கேட்கவில்லை. வேலைநிறுத்தத்துக்கும் புரட்சிக்கும் உள்ள தூரம் சில சமயம் அவ்வளவுதான்.

பெரியவரிடம் விடைபெற்று, தோட்டப் பக்கம் ஒரு சுற்றுப் போய் வந்தோம். இருபுறமும் செம்பனை. கடற்கரையை ஒட்டிச் சதுப்பு நிலமும் அலையாத்திக் காடும். பால்மரம் தெரிந்த தலைமுறை போய்விட்டது. மாலையில் ஜார்ஜ்டவுனுக்குப் போக பட்டர்வொர்த்தில் படகு ஏறினோம்.

படகை விட்டு இறங்கிச் சற்று நடந்தால் கார்ன்வாலிஸ் கோட்டை. பைராம் தாத்தா தொடங்கிய கதையின் அடுத்த பகுதி இங்கேதான் நடந்தது. 1941 டிசம்பர் 11ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் இந்த நகரத்தின் மேல் குண்டு போட்டன. அடுத்த வாரம் ஓர் இரவில், பினாங்கிலிருந்த ஐரோப்பியர்கள் இரகசியமாகப் படகேறிப் போய்விட்டார்கள். தமிழரையும் சீனரையும் மலாய்க்காரரையும் விட்டுவிட்டுப் போனார்கள். கோட்டையில் பிரிட்டிஷ் கொடி மட்டும் பறந்துகொண்டிருந்தது. கொடி பறக்கும்வரை குண்டு விழும். ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ நாளிதழின் ஆசிரியர், இலங்கைத் தமிழரான எம். சரவணமுத்து, அந்தக் கொடியை இறக்கி வெள்ளைக் கொடியை ஏற்றினார்.

யாரும் கலகம் செய்யவில்லை. ஆனாலும் ராஜ்யம் அன்றைக்கு முடிந்துவிட்டது. 155 ஆண்டுகளாக ‘உன்னைக் காப்பது நான்’ என்று சொல்லி ஆண்டவர்கள், காக்க வேண்டிய இரவில் காணாமல் போனார்கள். பிரான்சிலும் இப்படி ஓர் இரவு உண்டு. 1789இல் புரட்சி தொடங்கியபோதுகூட அங்கே பலரும் மன்னர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சட்டத்துக்குக் கட்டுப்பட்ட மன்னர் போதும் என்றார்கள். 1791 ஜூனில் பதினாறாம் லூயி வேடம் மாற்றிக் குடும்பத்தோடு தப்பியோடி, வரேன் என்ற சிற்றூரில் பிடிபட்டார். அடுத்த ஆண்டு மன்னராட்சியே ஒழிந்தது. ஓடிப்போன தகப்பனைப் பிள்ளைகள் மறுபடி பழையபடி பார்ப்பதில்லை. போருக்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்தபோது தோட்டத் தொழிலாளர்கள் சங்கம் சங்கமாகத் திரண்டு நின்றதற்கும், 1947இல் பக்கத்துக் கெடாவில் ஏ.எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றதற்கும் பின்னால் அந்த இரவும் இருக்கிறது. சயாம் மரண ரயிலுக்குப் போய்த் திரும்பிவந்தவர்கள் துரையின் காரைக் கண்டு சைக்கிளிலிருந்து இறங்குவார்களா?

“சரிப்பா, ஆனா இதெல்லாம் தொரை கதை. நெஜ ராஜா கதை எங்க?” என்றாள் மகள். நியாயமான கேள்வி. அதற்கான பதில் பினாங்குக்கு மிகப் பக்கத்தில், கடலுக்கு இரு கரையிலும் இருக்கிறது. தீவுக்கு மேற்கே மலாக்கா நீரிணை. அதைத் தாண்டினால் சுமத்ராவின் மேடான் நகரம். விமானத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். அங்கேயும் தமிழர்கள் உண்டு. மாரியம்மன் கோயில் உண்டு.

1946 மார்ச் மாதத்தின் முதல் வாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கரையில் மலாயா. பிரிட்டிஷ் அரசு அனுப்பிய மெக்மைக்கல் என்ற தூதர், மலாயன் யூனியன் திட்டத்துக்குச் சுல்தான்களிடம் ஒருவர்பின் ஒருவராகக் கையெழுத்து வாங்கியிருந்தார். சுல்தான்களின் இறையாண்மை அதனால் பிரிட்டிஷ் முடியிடம் போய்விடும். மக்களைக் கேட்காமல் ஏன் கையெழுத்திட்டீர்கள் என்ற வருத்தம் சுல்தான்கள் பக்கமும் திரும்பியிருந்தது. மார்ச் 1ஆம் தேதி கோலாலம்பூரில் மலாய்க்காரர்களின் மாநாடு தொடங்கியது.

அந்தக் கரையில் கிழக்குச் சுமத்ரா. அங்கேயும் மலாய் சுல்தான்கள்தான். மொழியும் மதமும் வழக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். டச்சுக்காரர்களின் புகையிலைத் தோட்டங்களுக்கு நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்தும் எண்ணெய்க் கிணறுகளின் பங்குப் பணத்திலும் அந்த அரண்மனைகள் செழித்திருந்தன. 1945 ஆகஸ்டில் இந்தோனேசியக் குடியரசு பிறந்தது. மக்கள் குடியரசு என்றார்கள். பல அரண்மனைகள் தயங்கின. டச்சுக்காரர்கள் திரும்பி வரட்டும் என்று காத்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் ஊரெங்கும் பரவியது. மார்ச் 3ஆம் தேதி எழுச்சி வெடித்தது. அரண்மனைகள் சூறையாடப்பட்டன. அரச குடும்பத்தினர் பலர் கொல்லப்பட்டார்கள்.

இரண்டு நாள் இடைவெளி. ஒரே நீரிணை. இந்தக் கரையில் மக்கள் தம் சுல்தான்களைக் காப்பாற்றக் கூடினார்கள். அந்தக் கரையில் வீழ்த்தக் கூடினார்கள். ஏன்?

இங்கே நடந்ததைப் பாருங்கள். 1946 ஏப்ரல் 1ஆம் தேதி புதிய ஆளுநர் எட்வர்டு ஜென்ட் பதவியேற்கும் விழா. சுல்தான்கள் கோலாலம்பூர் ரயில் நிலைய ஹோட்டலில் தங்கியிருந்தார்கள். விழாவுக்குப் போக வேண்டாம் என்பது மக்களின் கோரிக்கை. டத்தோ ஓன் ஜாஃபார் அதைச் சுல்தான்கள் முன் வைத்தார். ஒருவகையில் இதுவும் ஒரு மனுதான். சுல்தான்கள் கேட்டார்கள். விழாவுக்குப் போகவில்லை. வெளியே திரண்டிருந்த கூட்டம் ‘டவுலாட் துவாங்கு’ என்று முழங்கியது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1948 பிப்ரவரியில், மலாயன் யூனியன் போய்க் கூட்டரசு வந்தது. முடிகள் தப்பின.

சுமத்ராவிலும் எல்லா அரண்மனைகளுக்கும் ஒரே கதி இல்லை. செர்டாங் சுல்தான் டச்சுக்காரர்களுக்கு வளைந்து கொடுக்காதவர் என்று பெயர் எடுத்திருந்தார். அந்த அரண்மனை குடியரசின் பக்கம் நின்று அதிகாரத்தை அமைதியாக ஒப்படைத்தது. பக்கத்து அரண்மனைகளில் ஓடிய இரத்தம் அங்கே ஓடவில்லை. ஆக, மக்கள் கிரீடத்தை வெறுக்கவில்லை. தாங்கள் கூப்பிட்டபோது கிரீடம் எந்தப் பக்கம் திரும்பியது என்று பார்த்தார்கள்.

இன்னொன்றையும் மகளிடம் மறைக்காமல் சொன்னேன். லங்காட் அரச குடும்பத்தைச் சேர்ந்த அமிர் ஹம்சா மலாய் மொழியின் பெரிய கவிஞர். குடியரசை ஏற்று அதன் பிரதிநிதியாகவும் இருந்தவர். அந்த மார்ச் மாதத்தில் அவரையும் பிடித்துக் கொன்றுவிட்டார்கள். பிற்காலத்தில் இந்தோனேசியா அவரைத் தேசிய வீரர் என்று கௌரவித்தது. கேளாத காதுகள் சேர்த்து வைத்த கோபம் வெடிக்கும்போது, கேட்ட காதையும் அது பிரித்துப் பார்ப்பதில்லை. நம் பக்கத்திலும், 1948இல், பைராமுக்கு அருகில் கலிடோனியா தோட்டத்தில் ராம்ஸ்டன் குடும்பத்தின் வாரிசு ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு கொலை புரட்சி ஆகாது; அதனால் எந்தத் தொழிலாளியின் கூலியும் உயரவில்லை.

இரவு விடுதிக்குத் திரும்பும்போது மகள் கேட்டாள்: “அப்ப பசி காரணமே இல்லையா?”

பசியும் காரணம்தான். ரொட்டி விலை ஏறாமல் பாரிஸும் பெட்ரோகிராடும் தெருவுக்கு வந்திருக்காது. ஆனால் பசியோடு பல தலைமுறைகள் பொறுத்திருக்கிறார்கள், பைராமே சாட்சி. பொறுமை உடைவதற்கு இன்னும் மூன்று வேண்டியிருக்கிறது. வேறு மாதிரி வாழலாம் என்று கண்ணில் படவேண்டும். நம்பிக் கொடுத்த மனு குண்டாகவோ கைதாகவோ மௌனமாகவோ திரும்ப வேண்டும். காப்பேன் என்றவன் காக்கமாட்டான் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட வேண்டும். மூன்றும் சேர்ந்த பிறகு, சுடச் சொன்னால் சிப்பாயின் கையும் தயங்குகிறது. நம்பாதவன் மனு எழுதுவதில்லை, எழுதியவன்தான் ஏமாறுகிறான். ஏமாற்றம்தான் கலகமாகிறது.

மனுநீதிச் சோழன் கதை நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும். கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்த கதை. மகன் தேர்க்காலில் கிடத்தப்பட்டதைத்தான் நாம் வியந்து சொல்லுவோம். அன்று எனக்கு நினைவில் நின்றது வேறு. அந்த மணியின் கயிறு அரண்மனைக்கு வெளியே தொங்கியது. ஒரு மாட்டுக்கும் எட்டும் உயரத்தில் தொங்கியது. பைராமிலும் மணி இருந்தது. கயிறு கிராணியின் கையில் இருந்தது.

இது ராஜாக்களுக்கு மட்டும் உரிய பாடமா? நம்மில் பலர் இன்று அலுவலகத்தில் பத்துப் பேரை வேலை வாங்குகிறோம், சங்கம் நடத்துகிறோம், வீட்டில் பிள்ளைகளை வளர்க்கிறோம். நம் மணியின் கயிறு எங்கே தொங்குகிறது?

மறுநாள் புறப்படும்போது மகள் முன் இருக்கையில் ஏறிக்கொண்டு, “அப்பா, நானும் ஒரு மனு குடுக்கணும். கேப்பீங்களா?” என்றாள்.

என்ன என்று கேட்டேன். அடுத்த விடுமுறைக்கு மேடானுக்குப் போகவேண்டுமாம். கேட்டுக்கொண்டேன்.